கட்டளை வரியில் வெப்கேம் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் மடிக்கணினியில், வெப்கேமிலிருந்து படம் எடுக்கும் எஃப்எஸ்வெப்கேம் கட்டளையை முதன்முறை இயக்கும் பலருக்குக் கிடைப்பது கறுத்த படம்தான். உடனே கேமரா பழுது என்று முடிவுகட்டிவிடுவதுதான் முதல் தவறு. திறந்த கணத்தில் அறையின் வெளிச்சம் எவ்வளவு என்பது கேமராவுக்குத் தெரியாது. ஒளி அளவையும் வெண்மைச் சமநிலையையும் அது சில பிரேம்களை, அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்களை, பார்த்த பின்னரே சரிசெய்துகொள்ளும். நாமோ முதல் பிரேமையே படமாக எடுத்துக்கொள்கிறோம். குழல்விளக்கு எரியும் அறையில் ஸ்கிப் விருப்பத்துக்கு 20 என்று கொடுத்து, அந்த 20 பிரேம்களைத் தள்ளிவிட்டு எடுத்துப் பாருங்கள். சுவரில் தொங்கும் நாட்காட்டியின் எழுத்துகூடத் துலங்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவியைப் பயன்படுத்துவோர் 2 விநாடி தாவும் விருப்பத்தை உள்ளீட்டுக்குப் பின்னால் எழுத வேண்டும். முன்னால் எழுதினால், நேரலையாக வரும் கேமராவில் அது பயன்படாது.

அளவைக் குறிப்பிடாமல் விடுவதும் பரவலான தவறு. எஃப்எஸ்வெப்கேம் தானாகக் கேட்பது 384×288 மட்டுமே; 1280×720 வேண்டுமென்றால் நாம்தான் சொல்ல வேண்டும். கேமரா எந்தெந்த அளவைத் தரும் என்பதை வி4எல்2-சிடிஎல் கருவி பட்டியலிடும். அந்தப் பட்டியலில் ஒய்யூஒய்வி, எம்ஜேபெக் என்ற இரண்டு வடிவங்களை அடிக்கடி காணலாம். சுருக்கப்படாத ஒய்யூஒய்வியில் ஒரு புள்ளிக்கு 2 பைட் என்பதால், 1280×720 பிரேம் ஒன்றே ஏறத்தாழ 1.8 மெகாபைட் ஆகிவிடும். விநாடிக்கு 30 என்றால் யூஎஸ்பி 2.0 இணைப்பு திணறும். பெரிய அளவுக்கு, ஒவ்வொரு பிரேமையும் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் வடிவத்தைக் கேட்பதே நல்லது.

வீடியோ0, வீடியோ1 என இரண்டு சாதனக் கோப்புகள் தெரிந்தால் கேமராக்கள் இரண்டு என்று எண்ணிவிடக் கூடாது. 2018இல் வந்த லினக்ஸ் 4.16 முதல், ஒரே கேமராவுக்கு மீத்தரவுக்கென்று (படத்தைப் பற்றிய தகவலுக்கென்று) இன்னொரு கோப்பும் தோன்றலாம். அதிலிருந்து படம் வராது. சாதனம் வேறு பணியில் இருப்பதாகப் பிழைச்செய்தி வந்தால், முதலில் உலாவியில் வீடியோ அழைப்பு ஏதும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அனுமதி மறுக்கப்பட்டால், நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டு இயக்குவது எளிது. ஆனால் படக்கோப்பின் உரிமை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்குப் போய்விடும். உங்கள் கணக்கை வீடியோ குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைவதே முறை.

குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் கிரான் மூலம் மணிக்கொரு படம் எடுப்போர் கோப்புக்கு ஒரே பெயரை வைத்தால், புதிய படம் பழையதை அழித்துவிடும். பெயரில் தேதியும் நேரமும் சேர்க்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. கிரான் அட்டவணையில் சதவீதக் குறிக்குப் பின்வருவது கட்டளையாகவே கருதப்படாது. முனையத்தில் பிழையின்றி ஓடிய வரி அங்கே ஓடாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒவ்வொரு சதவீதக் குறிக்கு முன்னும் பின்சாய்வுக்கோடு இடுங்கள்; இல்லையேல் கட்டளையைத் தனி ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி, அதன் பாதையை மட்டும் அட்டவணையில் கொடுங்கள்.