விடியவிடியக் கூத்து, கையில் ஒரு மெமரி கார்டு: வீடியோ, ஆடியோ கோப்புகளைச் சுருக்கும் முறை

பாரதம் வைத்த ஊரில் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும் கூத்து விடிந்துதான் முடியும். வேலூர், ஆற்காடு, ஆரணி, செய்யாறு பக்கத்தில் இப்போது பல கூத்துக் களரிகளுக்கு எதிரே முக்காலியும் கேமராவும் நிற்பதைப் பார்க்கலாம். படம் பிடிக்கும் தம்பிகளுக்குக் கேமரா அத்துப்படி. விடிந்த பிறகு கார்டில் கிடக்கும் கோப்புகளை என்ன செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். "எந்த ஃபார்மட் நல்லது?" என்று கேட்கிறார்கள். வீட்டில் பத்திரப்படுத்த ஒன்று, யூடியூபில் ஏற்ற ஒன்று, கூத்து வாத்தியார் தன் கைபேசியில் போட்டுப் பார்க்க ஒன்று என்று மூன்று விடைகள் உண்டு. மூன்றையும் ஒரே கோப்பில் முடிக்க நினைப்பதால்தான் கடைசியில் எதுவும் சரியாக அமைவதில்லை.

முதல் வேலை: கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஆரணி அரிசி மண்டியில் சாக்கின் மேல் பொன்னி என்று அச்சிட்டிருக்கும், உள்ளே ஐ.ஆர். 20 இருந்தாலும் சாக்கு ஒன்றும் சொல்லாது. எம்பி4, எம்.கே.வி., எம்.ஓ.வி., ஏ.வி.ஐ. எல்லாம் சாக்குகள். தொழிலில் இவற்றைக் கன்டெய்னர் என்பார்கள். உள்ளே படம் ஒரு முறையிலும் ஒலி வேறொரு முறையிலும் சுருக்கப்பட்டு, இரண்டும் சேர்ந்து ஓடுவதற்கான நேரக் குறிப்புகளோடு அடுக்கப்பட்டிருக்கும். அந்தச் சுருக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். படத்துக்கு எச்.264, எச்.265, ஏவி1 போன்றவை, ஒலிக்கு ஏ.ஏ.சி., எம்பி3, ஓபஸ் போன்றவை.

இரண்டு கோப்புகளும் எம்பி4தான், ஆனால் ஒன்று திருவிழா எல்.இ.டி. திரையில் ஓடுகிறது, இன்னொன்று ஓடவில்லை என்றால் காரணம் இதுதான். ஓடாததற்குள் பெரும்பாலும் எச்.265 இருக்கும். பல புதிய கைபேசிகள் இடத்தை மிச்சப்படுத்த அந்த முறையில் பதிகின்றன. பழைய டிவிக்கும் திரைக்காரரின் பெட்டிக்கும் அது புரியாது. கோப்பின் பெயரில் உள்ள நீட்டிப்பை மட்டும் மாற்றி எழுதிப் பயனில்லை. சாக்கின் மேல் வேறு பெயரை அச்சடிப்பதோடு அது நின்றுவிடும்.

கணினியில் விஎல்சி பிளேயர் இருந்தால் கோப்பைத் திறந்து கன்ட்ரோலோடு ஜே எழுத்தை அழுத்துங்கள். படத்தின் கோடெக், அளவு, நொடிக்கு எத்தனை பிரேம் (தனிப்படம்), ஒலியின் கோடெக், ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்தது என்ற மாதிரி வீதம் எல்லாம் ஒரே பெட்டியில் வரும். இதைப் பார்க்காமல் எந்தக் கோப்பையும் மாற்றத் தொடங்காதீர்கள்.

ஏன் சுருக்கியே ஆகவேண்டும்?

கணக்கு போட்டுப் பாருங்கள். முழு எச்.டி. படத்தில் 1,920 பெருக்கல் 1,080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். நொடிக்கு 25 பிரேம் என்றால் ஏறக்குறைய 155 மெகாபைட். எட்டு மணி நேரக் கூத்துக்கு ஏறக்குறைய 4,480 ஜிபி ஆகிறது. நாம் போடும் சாதாரணக் கார்டு எதுவும் இதைத் தாங்காது. ஆகவே நீங்கள் பதிவு செய்யும்போதே கேமரா சுருக்கிவிடுகிறது. நொடிக்கு 28 மெகாபிட்டில் பதிந்தால் அதே எட்டு மணி நேரம் 100 ஜிபி அளவில் அடங்கிவிடும். பிட் வேறு, பைட் வேறு என்பதை இங்கே மறக்கக்கூடாது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை பிட் என்ற எண்ணை, எட்டால் வகுத்து, மொத்த நொடிகளால் பெருக்கினால் கோப்பின் அளவு கிடைக்கும்.

நாற்பதில் ஒரு பங்குக்கும் கீழே வந்த பிறகும் படம் எப்படி நன்றாகத் தெரிகிறது? மூன்று தந்திரங்கள். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. அதனால் வெளிச்சத்தை எல்லாப் புள்ளிக்கும், நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒருமுறையும் மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இதிலேயே பாதி போய்விடுகிறது.

அடுத்தது, படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத நுண்விவரங்களைக் குறைப்பது. இதற்கு அடிப்படையான கணிதத்தை 1974ஆம் ஆண்டு வெளியிட்டவர்கள் நசீர் அகமது, நடராஜன், ராவ் ஆகிய மூவர். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். கைபேசியில் எடுக்கும் ஜேபெக் படத்திலும், எம்பி3 பாட்டிலும், எச்.264 வீடியோவிலும் அந்தக் கணிதத்தின் ஏதோ ஒரு வடிவம் வேலை செய்துகொண்டிருக்கிறது. நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் இந்த மூவருக்கும் இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

மூன்றாவது தந்திரம்தான் கூத்துக்கு மிக முக்கியம். ஒவ்வொரு பிரேமையும் முழுதாக எழுதுவதில்லை. சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு முழுப் பிரேம். இடையில் வருபவற்றுக்கு முந்தையதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். பின்னால் தொங்கும் திரையும், பின்பாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சும் அசைவதில்லை. அவற்றுக்குச் செலவே இல்லை. கட்டியங்காரன் நின்று பேசும் காட்சி மலிவாக முடிந்துவிடும். துச்சாதனன் புழுதி பறக்கச் சுழன்று ஆடினால், கிரீடத்திலும் புஜகீர்த்தியிலும் உள்ள கண்ணாடித் துண்டுகள் நொடிக்கு நொடி வேறு வேறாக மின்னும். முந்தைய பிரேமை வைத்து ஊகிக்க எதுவும் இல்லை. பிட் போதாமல் போகும்போது படம் கட்டம் கட்டமாக உடைவது இந்த இடத்தில்தான்.

இருட்டும் பகைதான். வெளிச்சம் குறைந்தால் கேமரா உணர்திறனை ஏற்றும். படமெங்கும் மணல் இறைத்தாற்போல் புள்ளிகள் வரும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு பிரேமிலும் இடம் மாறுவதால் கோடெக் அவற்றையும் ஆட்டம் என்று நினைத்துப் பிட்டைச் செலவழிக்கும். களரியில் இன்னொரு விளக்கு போடச் சொல்வது எந்த மென்பொருளையும் விடப் பலன் தரும். வாத்தியாரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். முகத்தில் நேராக அடிக்கும் விளக்கை வேடக்காரர்கள் விரும்புவதில்லை.

ஒலிக்குத் தனி நியாயம்

மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் பதிய இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் வேண்டும். அதனால்தான் சி.டி.யில் நொடிக்கு 44,100 மாதிரிகள். வீடியோவில் வழக்கம் 48,000. எந்தச் சுருக்கமும் இல்லாத வேவ் கோப்பு சி.டி. தரத்தில் மணிக்கு 635 மெகாபைட் பிடிக்கும். ஃபிளாக் முறை ஒரு துளியும் இழக்காமல் அதைக் கணிசமாகக் குறைக்கும். திறந்தால் மூலம் அப்படியே திரும்பக் கிடைக்கும். எம்பி3, ஏ.ஏ.சி. இரண்டும் இழந்து சுருக்குபவை.

எதை இழக்கின்றன? முகவீணை உச்சத்தில் ஊதும் கணத்தில் பின்பாட்டுக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினால் அது நம் காதில் விழாது. பெரிய ஒலி சிறிய ஒலியை மறைத்துவிடும். மறைவதை எதற்கு எழுத வேண்டும் என்பதுதான் எம்பி3யின் யோசனை. நொடிக்கு 128 கிலோபிட்டில் எட்டு மணி நேரம் சுமார் 460 மெகாபைட்டில் முடிந்துவிடும். பேச்சுக்கு இது போதும். கூத்துக்குப் போதாது. தாளத்தின் ஓசை தண்ணீருக்குள் கேட்பதுபோல் கலங்கும். டோலக்கின் சுள்ளென்ற அடிக்கு முன்னாலேயே ஒரு மங்கல் ஒலி எட்டிப் பார்க்கும். கேட்பதற்குக் கொடுக்கும் நகலில் குறைந்தது 192 வையுங்கள். பத்திரப்படுத்தும் கோப்பு ஃபிளாக்காகவே இருக்கட்டும். பழைய கூத்துக் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுபவர்களும் அடாசிட்டி என்ற மென்பொருளில் பதிந்து ஃபிளாக்காகவே சேமிக்க வேண்டும். எம்பி3யை வேவ் ஆக மாற்றினால் கோப்பு பெருக்கும், இழந்த ஒலி திரும்பாது.

சுருக்கும் வேலை

எதைத் தொடுவதற்கும் முன் கார்டில் உள்ளதை அப்படியே இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் நகலெடுங்கள். இதுதான் மூலம். இதை இனிமேல் யாரும் மாற்றக்கூடாது.

கேமரா பதிவைத் துண்டு துண்டாக வைத்திருந்தால் பயப்பட வேண்டாம். பழைய ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் பல கேமராக்கள் அங்கே வெட்டிவிடும். லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருளில் துண்டுகளை வரிசையாகப் போட்டு இணைக்கலாம். அது மறுபடி சுருக்காமல் ஒட்டும். வெட்டுவதற்கும் அதுவே நல்லது. நீங்கள் குறித்த இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் முழுப் பிரேமிலிருந்து காட்சி தொடங்கினால், அது கோளாறு என்று நினைக்காதீர்கள்.

இனி ஹேண்ட்பிரேக் என்ற சுருக்கும் மென்பொருள். இதுவும் இலவசம். கோப்பைத் திறந்து, முன்னமைவுகளில் 'ஃபாஸ்ட் 1080பி30' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வீடியோ பகுதியில் எச்.264 என்று இருக்கட்டும். 2003ஆம் ஆண்டு வந்த முறைதான். புதியவை இதைவிடச் சிறிய கோப்பைத் தரும் என்பதும் உண்மைதான். ஆனால் ஊரில் உள்ள எல்லாப் பெட்டியிலும் ஓடுவது இதுதான். பிரேம் வீதம் மூலத்தில் உள்ளதே இருக்கட்டும்; பக்கத்தில் 'கான்ஸ்டன்ட்' என்பதை அழுத்துங்கள். கைபேசிப் பதிவுகளில் பிரேம் வீதம் ஏறி இறங்கும். எட்டு மணி நேரம் ஓடும்போது எடிட்டிங்கில் வாயசைவும் ஒலியும் விலகிப்போவதற்கு அது ஒரு காரணம்.

ஆர்.எஃப். என்ற எண்தான் தரத்தை முடிவு செய்கிறது. எண் குறைந்தால் தரம் கூடும், கோப்பு பெருக்கும். முழு எச்.டி.க்கு 20 முதல் 24 வரை வைப்பது வழக்கம். ஆறு எண் ஏற்றினால் கோப்பு ஏறத்தாழ பாதியாகும். கூத்துக்கு நான் 21 வைப்பேன். எட்டு மணி நேரத்தையும் ஓட்டிவிட்டு வருந்தாமல், 'ரேஞ்ச்' பகுதியில் நொடிக் கணக்கு கொடுத்து, துச்சாதனன் ஆடும் ஒரு நிமிடத்தை மட்டும் முதலில் சுருக்கிப் பாருங்கள். அது உடையாமல் வந்தால் மற்ற காட்சிகளும் வரும். கட்டியங்காரன் பேசும் காட்சியை வைத்துச் சோதிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒலிக்கு ஏ.ஏ.சி., 160 கிலோபிட் அல்லது அதற்கு மேல்.

இப்படி வரும் கோப்பு வாத்தியாரின் கைபேசிக்கும் யூடியூபுக்கும் சரி. ஆனால் யூடியூப் தன் பங்குக்கு மறுபடி சுருக்கும். ஆகவே இடமும் இணைய வேகமும் இருந்தால் அங்கே மூலத்தையே ஏற்றிவிடுவது மேல். சரிபார்க்கப்பட்ட கணக்கில் 12 மணி நேரம் அல்லது 256 ஜிபி வரை ஏற்றலாம் என்பதால் முழு இரவும் ஒரே வீடியோவாகப் போகும்.

வாட்ஸ்அப் வேறு உலகம். வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கிவிடும். ஒரு குழுவிலிருந்து இறக்கி, வெட்டி, இன்னொரு குழுவுக்கு என்று நான்கு கை மாறினால் நான்கு முறை இழப்பு. துரியோதனன் முகத்தில் அரிதாரம் இருந்ததே தெரியாது. ஐந்து நிமிடக் காட்சியை வெட்டி, ஆவணமாக அனுப்புங்கள். 2 ஜிபி வரை அப்படியே போய்ச் சேரும். ஜிப் செய்து அனுப்புவதால் மிச்சம் எதுவும் இல்லை. சுருக்கியதை மறுபடி சுருக்க அங்கே ஒன்றும் மீந்திருக்காது.

பேட்டரி தீர்ந்தோ மின்சாரம் போயோ பதிவு நடுவில் நின்ற எம்பி4 கோப்பு திறக்காமல் போகலாம். பல கேமராக்கள் உள்ளடக்கக் குறிப்பைக் கடைசியில்தான் எழுதும். அந்தக் கோப்பை அழித்துவிடாதீர்கள். அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றைத் துணைக்கு வைத்து மீட்கும் மென்பொருள்கள் உண்டு. கணினி வழியாக நேரடியாகப் பதிவு செய்பவர்கள் எம்.கே.வி.யில் பதிந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

சுருக்கிய கோப்பைத் தொடக்கத்திலும், நடுச்சாமத்திலும், கடைசி மங்களத்திலும் ஓட்டிப் பாருங்கள். ஒலியைத் தனிக் கருவியில் பதிந்து சேர்த்திருந்தால் கடைசிப் பகுதியை உன்னிப்பாகக் கேளுங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரமும் மணிக்கணக்கில் ஓடும்போது சிறிது விலகும். மூன்று இடத்திலும் டோலக்காரரின் கையும் அடியும் ஒன்றாக விழுந்தால், ஊர்ப் பெயர், தேதி, கூத்தின் பெயர் மூன்றையும் கோப்பின் பெயராக எழுதி வையுங்கள். கார்டை அதன் பிறகு அழிக்கலாம்.