புதுத் தொடரைப் பார்க்கலாமா, விடலாமா? முதலில் கண்ணை மூடிக் கேளுங்கள்

"நல்ல சீரிஸா ஒண்ணு சொல்லேன்" என்று கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் நான் சட்டென்று பெயர் சொல்வதில்லை. போன வருஷம் சித்தப்பா மகளுக்கு 'சுழல்' என்ற வெப் தொடரைப் பார்க்கச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே இரண்டு எபிசோடு ஓடவிட்டிருக்கிறாள். "என்னண்ணே, எல்லாரும் இருட்டுல நடந்துக்கிட்டே இருக்காங்க, ஒண்ணும் விளங்கல" என்றாள். தப்பு அவள் மேலும் இல்லை, தொடர் மேலும் இல்லை. கண்ணுக்கு எடுத்த ஒன்றைக் காதால் பார்த்தாள், அவ்வளவுதான்.

அதனால் பட்டியல் தருவதை விட்டுவிட்டு, நான் ஒரு புதுத் தொடரை எப்படி எடை போடுகிறேன் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். இப்போதுதான் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு இது போதும். நடுநடுவே எனக்குப் பிடித்தவை, பிடிக்காதவை எல்லாம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பத்து நிமிடம் கண்ணை மூடிக் கேளுங்கள்

எந்தத் தொடராக இருந்தாலும் முதல் எபிசோடைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் திரையைப் பார்க்காதீர்கள். காய் நறுக்குங்கள், சட்டைக்கு இஸ்திரி போடுங்கள். பிறகு யார் யாரிடம் என்ன கேட்டார், யார் மறுத்தார் என்று உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். முழுசாகச் சொல்ல முடிந்தால் அது காதுத் தொடர். நம் மெகா சீரியல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான்.

எங்கள் அம்மா இருபது வருஷமாகச் சீரியல் 'பார்ப்பது' அடுப்படியில் நின்றபடிதான். ஹாலில் டிவி ஓடும், இவர் தோசை வார்ப்பார். 'சித்தி'யில் நித்யஸ்ரீ மகாதேவன் குரலில் "கண்ணின் மணி" தொடங்கினாலும், 'மெட்டி ஒலி'யின் "அம்மி அம்மி" தொடங்கினாலும் அடுப்பைச் சிம்மில் வைப்பார். பாட்டு முடிந்ததும் மறுபடி தோசைக்கல்லுக்குத் திரும்பிவிடுவார். கதை ஒரு இழைகூட விட்டுப்போகாது. ஏன் விட்டுப்போகவில்லை? வசனம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. "அண்ணன் நேத்து வீட்டுப் பத்திரத்தைக் கேட்டாரே, அதுக்கு நீங்க முடியாதுன்னு சொன்னீங்களே" என்று ஒரு பாத்திரம் இன்னொருத்தியிடம் சொல்கிறதென்றால், அந்த அம்மாளுக்கா தெரியாது? அது நேற்றைய எபிசோடைத் தவறவிட்ட நமக்காக. மனக்குரலில் தனக்குத்தானே பேசுவது, அதிர்ச்சிக்கு ஒரு இடிச் சத்தம், வில்லி நுழைந்தால் அவளுக்கென்றே ஒரு இசைத்துணுக்கு, எல்லாமே அடுப்படிவரை எட்ட வேண்டும் என்று செய்த வேலை.

"ஒரே விஷயத்தை நாலு தடவை இழுக்கிறான்" என்று சீரியலைக் கிண்டலடிப்பவர்கள் அதைச் சோபாவில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

இதற்கு என்னிடம் இருக்கும் பெரிய சான்று 'எதிர்நீச்சல்'. திருச்செல்வம் இயக்கி 2022இல் சன் டிவியில் தொடங்கிய தொடர். ஆதி குணசேகரனாக மாரிமுத்து வந்தார். "இந்தாம்மா ஏய்" என்று அவர் இழுத்த இழுப்பு ஊர் முழுக்க மீமாகச் சுற்றியது. அந்தப் பாத்திரத்தின் அதிகாரம், எகத்தாளம், வீட்டு மருமகள்களை மனுஷியாகவே மதிக்காத தோரணை எல்லாம் அந்தக் குரலில் இருந்தது. 2023 செப்டம்பர் 8ஆம் தேதி அதே தொடருக்கு டப்பிங் பேசச் சென்ற இடத்தில் நெஞ்சுவலி வந்து அவர் இறந்துபோனார். பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். நல்ல எழுத்தாளர், நல்ல நடிகர், முகத்தில் மிரட்டல் குறைவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அம்மா ஒரு வாரம் கழித்து, "இது வேற யாரோ பேசுறாங்க" என்றார். திரையைப் பார்த்துச் சொல்லவில்லை, அடுப்படியிலிருந்து சொன்னார்.

படி 2: பத்து நிமிடம் சத்தத்தை நிறுத்துங்கள்

இப்போது தலைகீழ். அடுத்த பத்து நிமிடம் மியூட் போட்டுப் பாருங்கள். யாருக்கு யார் பயப்படுகிறார், யார் எதையோ மறைக்கிறார் என்று பிடிபட்டால் அது கண் தொடர்.

'சுழல்' இந்தச் சோதனையில் ஜோராகத் தேறும். புஷ்கர்-காயத்ரி எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கி 2022 ஜூனில் அமேசான் பிரைமில் வந்த எட்டு எபிசோடுகள். சாம்பலூர் என்ற கற்பனை ஊர், அங்கே ஒரு சிமெண்ட் ஆலை. ஆலை எரிகிறது, ஒரு பெண் காணாமல் போகிறாள், அதே நாட்களில் ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கிறது. அங்காளம்மன் கோயில் மயானக் கொள்ளையை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முகமெல்லாம் சாயம், வேஷம், கூட்டம். யார் யாரென்றே அடையாளம் தெரியாத கூட்டத்தில் ஒரு ஆளைத் தேடுகிற கதை இது. இதைத் துணி மடித்துக்கொண்டே பார்த்தால் எப்படி விளங்கும்?

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது 'சுழல்' அல்ல, 'விலங்கு' (2022, ஜீ5). பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கியது, விமல் சப் இன்ஸ்பெக்டர், மொத்தம் ஏழே எபிசோடு. காட்டில் கிடைத்த பிணம், காவலுக்கு ஆள் போட்டிருக்கும்போதே அதன் தலை காணாமல் போய்விடுகிறது. கதை அங்கே பிடித்து இழுக்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது அந்த ஸ்டேஷன். மேலதிகாரி வந்தால் யார் எழுந்து நிற்கிறார், எழுவதுபோல் பாவனை மட்டும் செய்வது யார், திட்டு விழும் நேரத்தில் யார் வேறெங்கோ பார்க்கிறார் என்று கவனியுங்கள். போலீஸ்காரர்கள் பஞ்ச் வசனம் பேசும் ஆட்களாக இல்லாமல் வேலை பார்க்கும் ஆட்களாக இருக்கிறார்கள்.

இரண்டு சோதனையிலும் தேறுவது அபூர்வம். என் கணக்கில் 'அயலி' தேறும் (2023, ஜீ5, இயக்கம் முத்துக்குமார்). 1990 வாக்கில் புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்றொரு கிராமம். பெண் வயதுக்கு வந்தால் படிப்பு நிறுத்தம், உடனே கல்யாணம், மீறினால் அயலித் தெய்வம் கோபித்துக்கொள்ளும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததை ஊருக்கே மறைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். காதால் கேட்டாலும் இந்த முடிச்சு புரியும். கண்ணால் பார்த்தால், விஷயம் தெரிந்தபின் அவள் அம்மாவாக வரும் அனுமோள் முகத்தில் பயமும் பெருமையும் மாறி மாறி ஓடுவது கூடுதலாகக் கிடைக்கும். வீட்டில் மூன்று தலைமுறையும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஏதாவது கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

படி 3: மணிக்கணக்கைப் போடுங்கள்

இது சின்ன வேலை, ஆனால் முக்கியம். 'கோலங்கள்' மெகா சீரியல் 2003 முதல் 2009 வரை 1533 எபிசோடு. விளம்பரம் போக இருபது நிமிடம் என்று வைத்தாலும் 511 மணி நேரம். தினம் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால்கூட ஐந்தரை மாதத்துக்கு மேல் ஆகும். எட்டு எபிசோடு வெப் தொடர் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய சீரியலை யூடியூபில் முதலிலிருந்து பார்க்கப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். நான் கிளம்பினேன், எண்பதாவது எபிசோடில் காணாமல் போனேன்.

படி 4: தீர்ப்பை இரண்டாவது எபிசோடில் சொல்லுங்கள்

முதல் எபிசோடு கல்யாணப் பெண் மாதிரி, எல்லா நகையும் போட்டுக்கொண்டு வரும். இரண்டாவதில்தான் வீட்டு முகம் தெரியும். இரண்டாவதின் முடிவில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: முதல் எபிசோடில் வந்த ஒருவரைப் பற்றி என் அபிப்பிராயம் மாறியதா? மாறவில்லை என்றால் நான் விட்டுவிடுவேன்.

'வதந்தி' (2022, அமேசான் பிரைம், ஆண்ட்ரூ லூயிஸ்) இந்தக் கேள்விக்கென்றே எடுத்தது போல இருக்கும். கன்னியாகுமரிப் பக்கம் வெலோனி என்ற பெண் கொலையாகிறாள். எஸ்.ஜே. சூர்யா விசாரிக்கப் போகும் இடத்திலெல்லாம் ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒவ்வொரு வெலோனி வருகிறாள். ஒருத்தர் சொல்வதை நம்பி முடிப்பதற்குள் அடுத்தவர் அதைக் கலைத்துவிடுகிறார். நடுவில் இரண்டு எபிசோடு தொய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் செத்துப்போன பெண்ணைப் பற்றி ஊர் என்னவெல்லாம் பேசும் என்பதை இவ்வளவு பொறுமையாக யாரும் காட்டவில்லை.

படி 5: ஓடிக்கொண்டிருக்கும் சீரியலில் ஏறுவது

முதலிலிருந்து பார்க்க வேண்டாம். ஓடும் பஸ்ஸில் ஏறுகிற மாதிரிதான் இதுவும். ஏதாவது ஒரு வார இறுதி எபிசோடில் தொடங்குங்கள். வாரம் முழுக்க இழுத்ததை அங்கேதான் உடைப்பார்கள். அடுத்த திங்கள், செவ்வாய் பாருங்கள். ஆள் பெயரும் உறவும் அதற்குள் பிடிபட்டுவிடும். பிடிபடாவிட்டால் வீட்டில் ஒரு அத்தையைக் கேளுங்கள். மூன்று வருஷக் கதையை மூன்று நிமிடத்தில் சொல்வார்.

பழக நல்லது விஜய் டிவியின் 'சிறகடிக்க ஆசை'. 2023 ஜனவரியில் தொடங்கியது. கார் ஓட்டும் முத்து, பூ கட்டி விற்கும் மீனா, பணக்கார மருமகளைத் தலையில் வைத்துக் கொண்டாடும் மாமியார் விஜயா, அந்த மருமகள் ரோகிணி மூட்டை கட்டி மறைத்து வைத்திருக்கும் பழங்கதை. ரோகிணி எப்போது மாட்டுவாள் என்ற ஒரே கயிற்றில் வண்டியை இழுத்தார்கள். சில மாதங்கள் அநியாய இழுவை. ஆனால் முத்துவும் மீனாவும் சண்டை போட்டுச் சமாதானமாகும் காட்சிகளில் நிஜமான ஒரு வீடு இருக்கும்.

படி 6: நான்கு வரி எழுதி வையுங்கள்

"சூப்பர்", "மொக்கை" இரண்டையும் ஒரு மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். பார்த்து முடித்ததும் நோட்டிலோ போனிலோ நான்கு வரி: எந்தக் காட்சி மனசில் நின்றது, எங்கே போனை எடுத்தேன், யாருக்குச் சொல்வேன், யாருக்குச் சொல்ல மாட்டேன். 'சுழல்' இரண்டாம் பருவத்துக்கு (2025) நான் எழுதி வைத்தது இது:

"எட்டுப் பெண்கள் ஒரே கொலையைத் தாங்கள்தான் செய்தோம் என்று சொல்கிற இடம் நின்றது. ஐந்தாவது பெண்ணின் முன்கதை வருவதற்குள் போனை எடுத்துவிட்டேன், ஆள் அதிகம். முதல் பருவம் பிடித்தவர்களுக்குச் சொல்வேன். துணி மடிப்பவர்களுக்குச் சொல்ல மாட்டேன்."

தொடரின் முக்கிய வேடங்களில் வரும் கதிர், ஐஸ்வர்யா ராஜேஷ் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். முதல் பருவத்துக் குறிப்பில் பாதி அவர்களைப் பற்றித்தான். இரண்டாவது ஏன் ஒட்டவில்லை என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். குறிப்பு எழுதாமல் இருந்திருந்தால் "முதல் சீசன் அளவுக்கு இல்ல" என்று ஊரோடு சேர்ந்து நானும் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

ஒரு விஷயம்: முடிச்சை அவிழ்க்கும் வரியை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். குடும்பக் குழுவில் ஒருமுறை கொலைகாரன் பெயரைச் சொல்லி நான் வாங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது

சனிக்கிழமை ராத்திரி 'விலங்கு' முதல் எபிசோடு. பத்து நிமிடம் காது, பத்து நிமிடம் கண், மீதி உங்கள் இஷ்டம். ஞாயிறு காலையில் இரண்டாவது. பிறகு நான்கு வரி.

நான் இதைச் செய்த அன்று அம்மா வழக்கம்போல அடுப்படியில் இருந்தார். முதல் எபிசோடு பாதியில் "என்னடா, சத்தமே இல்ல, நின்னுபோச்சா?" என்று எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கதவோரம் நின்றார். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து தரையில் உட்கார்ந்தார். மூன்றாவது எபிசோடுக்கு நடுவில் நான் தூங்கிப்போனேன். காலையில் காபியை நீட்டினேன், டம்ளரை வாங்காமலே கேட்டார்: "தலை யாருகிட்டடா இருக்கு?"