சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எவ்வளவு போட்டாலும் உடம்பு பிடிக்க மாட்டேங்குது." சிப்பிப்பாறை, கன்னி என்ற நம் நாட்டு வேட்டைநாய்களைப் புதிதாக வாங்கி வளர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. லாப்ரடாரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த நாய் பட்டினி கிடப்பதாகத்தான் தெரியும். ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சு, நீண்ட கால், தோலுக்கடியில் தெரியும் விலா எலும்பு. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் கண்டு, ஓடியே பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட உடம்பு அது. சிப்பிப்பாறை என்ற ஊரும் விருதுநகர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே உருவான உடம்பை வேறு ஏதோ ஒரு நாயின் உடம்பாக மாற்றப் பார்ப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

தீனியிலிருந்தே ஆரம்பிக்கலாம். நல்ல ஆரோக்கியமான சிப்பிப்பாறைக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் வெளியே தெரியும். இடுப்பெலும்பின் முனையும் லேசாகத் தெரியும். அதை மறைக்கும் அளவுக்குச் சதை போட வைத்தால் அந்தக் கூடுதல் எடை முழுவதையும் மெல்லிய கால்களும் மூட்டுகளும்தான் சுமக்க வேண்டும். அதற்காக மெலிவு எல்லாமே இயல்பு என்றும் இருந்துவிடக் கூடாது. முதுகெலும்பு கணு கணுவாகத் துருத்தி, தொடைச் சதை வற்றி, ரோமம் பளபளப்பு இழந்திருந்தால் அது நோய் மெலிவு. குடற்புழுவா, உண்ணிக் காய்ச்சலா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடையைத் தொட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஓடுகிற நாய்க்குத் தொடை கெட்டியாக இருக்கும்.

ஊர்ப்புறத்தில் கம்பங்கூழும் கேப்பைக்கூழும் ஊற்றித்தானே வளர்த்தார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த நாய்கள் காட்டில் தாமாகவும் எதையாவது பிடித்துத் தின்றன, வேட்டையில் கிடைத்ததிலும் பங்கு பெற்றன. இன்று கட்டிப் போட்ட நாய்க்குக் கூழும் பால்சோறும் மட்டும் வைத்தால் புரதம் போதாது. முட்டை, இறைச்சி, மீன் ஏதாவது ஒன்று அன்றாடம் சேர வேண்டும். வேகவைத்த கோழி எலும்பு வேண்டவே வேண்டாம். அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வளரும் குட்டிக்கு மருத்துவர் சொல்லாமல் கால்சியம் டானிக் ஊற்றுவதும் தவறு. அளவுக்கு மீறிய கால்சியம் கால் எலும்பைக் கோணலாக்கிவிடும். ஆழமான நெஞ்சுள்ள நாய் என்பதால் வயிறு நிறையத் தின்றதும் ஓட விடக் கூடாது. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் காலை வரை காத்திருந்தால் நாய் பிழைக்காது. அந்த நேரமே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அடுத்தது ஓட்டம். இதில் இரண்டு எதிரெதிரான தவறுகள் நடக்கின்றன, எனக்கு இரண்டுமே வருத்தம்தான். காவலுக்கு என்று வாங்கி வந்து, நாலு முழச் சங்கிலியில் வருடம் முழுவதும் கட்டி வைப்பது ஒன்று. ஓடப் பிறந்த நாய் ஓடாவிட்டால் சங்கிலியைக் கடிக்கும், மண்ணைத் தோண்டும், ஊளையிடும், கடைசியில் யாரைக் கண்டாலும் சீறும். அதைக் 'கோபக்கார இனம்' என்று பெயர் சூட்டிவிடுவார்கள். மற்றொன்று, ஐந்து ஆறு மாதக் குட்டியைப் பைக்குக்குப் பின்னால் கட்டித் தார் ரோட்டில் ஓட்டுவது. நீளக் கால் எலும்பின் வளர்ச்சிப் பகுதிகள் மூடுவதற்கு ஒரு வயதோ அதற்குச் சற்று மேலோ ஆகும். அதற்குள் கட்டாயப்படுத்தி ஓட்டினால் எலும்பும் மூட்டும் நிரந்தரமாகக் கெடும். குட்டி தன் இஷ்டத்துக்கு மண் தரையில் துள்ளி ஓடி, களைத்ததும் படுத்துக்கொள்வதே போதும். வளர்ந்த நாய்க்கும் விடிகாலையும் அந்தியும்தான் நேரம். கத்திரி வெயிலில், சூடேறிய ரோட்டில் உள்ளங்கால் வெந்துவிடும். வெப்பத் தாக்கில் உயிரும் போகும்.

வேலியில்லாத இடத்தில் வாரை அவிழ்த்துவிடுவது உயிரையே வாங்கும் தவறு. 'கூப்பிட்டால் வந்துவிடும்' என்ற நம்பிக்கை வீட்டு முற்றத்தில் சரி. தூரத்தில் ஒரு பூனையோ ஆடோ ஓடுவதைக் கண்டுவிட்டால் அதன் காதில் உங்கள் குரல் விழாது. கீழ்ப்படியாமை இல்லை அது. அசைவதைத் துரத்துவதற்கென்றே உருவாக்கப்பட்ட நாய், சில நொடிகளில் நாற்கரச் சாலையை எட்டிவிடும். ஓட விட வேண்டுமென்றால் ஆளுயரச் சுற்றுச்சுவரோ கம்பிவேலியோ உள்ள இடம் வேண்டும். கழுத்துப்பட்டை வாங்கும்போதும் கவனம் தேவை. இந்த நாய்களின் தலை குறுகலானது, கழுத்தோ நீளம். சாதாரண பட்டையைத் தளர்வாகப் போட்டால் பின்னால் ஓர் அடி வைத்துத் தலையை உருவிக்கொண்டு போய்விடும். இழுத்தால் அளவாக இறுகி, விட்டால் தளரும் அகலமான பட்டை கிடைக்கிறது. மெல்லிய கழுத்துக்கு அதுதான் நல்லது.

வேட்டைக்கு வருவோம். முயலோ மானோ உடும்போ, எதை நாயை விட்டுப் பிடித்தாலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். 'எங்க தோட்டத்துல, எங்க நாய்' என்ற வாதம் நிற்காது. பிடித்த முயலோடு படம் எடுத்துப் போட்டுப் பெருமைப்படுகிறவர்கள், தங்கள் மீதான வழக்குக்குத் தாங்களே சாட்சி எழுதிக் கொடுக்கிறார்கள். அதைவிட எனக்குக் கவலை தருவது, அந்தப் படங்களால் இனத்துக்கே வரும் கெட்ட பெயர். ஒரு துணியைக் கயிற்றில் கட்டி வேகமாக இழுத்துத் துரத்த விட்டால் நாய்க்கு அதே ஆனந்தம் கிடைக்கிறது, ஓர் உயிரும் போவதில்லை.

'நாட்டு நாய்க்கு நோயே வராது' என்ற பேச்சை நம்பிப் புதைத்த குட்டிகள் ஏராளம். வெயிலையும் எளிய தீனியையும் தாங்கும் என்பது வேறு, குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸைத் தாங்கும் என்பது வேறு. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, அதன்பின் மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை அடுத்தடுத்த ஊசிகள், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. இதில் நாட்டு நாய்க்கு எந்தச் சலுகையும் கிடையாது. சொறிக்குக் கழிவு ஆயில் பூசுவது இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. மெல்லிய தோலும் குட்டை ரோமமும் உள்ள நாயின் உடம்பில் அது ஊறும். நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். உண்ணிக்கு பினாயில் ஊற்றுவதும் அப்படித்தான். காய்ச்சல் என்று நம் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தால் சதையில்லாத முழங்கையில் தோல் காய்த்துப் புண்ணாகும். நாலு சாக்கை மடித்துப் போட்டால் தீர்ந்தது.

மயக்க மருந்தைப் பற்றி வளர்ப்பவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. உடம்பில் கொழுப்பு மிகக் குறைவான வேட்டைநாய்களில் சில மயக்க மருந்துகள் சீக்கிரம் இறங்குவதில்லை. மேலைநாட்டு ஓட்ட நாயான கிரேஹவுண்டுகளுக்கு தயோபென்டோன் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தால் தெளிய நெடுநேரம் ஆகும் என்பது கால்நடை மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட செய்தி. அவற்றின் கல்லீரலும் அந்த மருந்தை மெதுவாகத்தான் சிதைக்கிறது. நம் நாயும் அதே உடல்வாகு என்பதால் கருத்தடையோ தையலோ எதுவானாலும், 'இது சிப்பிப்பாறை, மருந்தை அதற்குத் தக்கபடி பார்த்துக் கொடுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லத் தயங்க வேண்டியதில்லை, நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பழக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடித்தால் கெட்டுப்போகும் நாய் இது. ஒருமுறை அடித்த கையை வருடக்கணக்கில் நினைவில் வைத்து ஒதுங்கும். அந்நியரிடம் குழையாமல் தள்ளி நிற்பது அதன் இயல்பு. அது கோழைத்தனமும் இல்லை, முரட்டுத்தனமும் இல்லை. குட்டியாக இருக்கும்போதே நாலு வகை மனிதரையும் சத்தத்தையும் பார்க்க வைத்தால் போதும்.

வாங்குவதிலும் ஈனவைப்பதிலும் நடக்கும் தவறுகள் மட்டும் ஒரு நாயோடு முடிவதில்லை. ஒரே நிறமாக வரும் செவலை, சந்தனம், சாம்பல் ஆகியவற்றைச் சிப்பிப்பாறை என்றும், கறுப்பில் பழுப்புப் பொட்டும் காலும் உள்ளதைக் கருங்கன்னி என்றும், வெளிர் நிறத்தைப் பால்கன்னி என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றா, வேறா என்ற வாதம் வளர்ப்பவர்களுக்குள்ளேயே ஓயவில்லை. ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்தான் எளிதில் ஏமாறுகிறார். ஓட்டப் பந்தயத்துக்காகக் கிரேஹவுண்டு ரத்தம் கலந்த குட்டிகளும் இதே பெயரில் விற்பனைக்கு வருகின்றன. பார்க்கப் பருமனாக, தொடை புடைத்து அழகாகவே இருக்கும். அடுத்த ஈத்தில்தான் குட்டிகள் ஆளுக்கொரு விதமாக வரும். படம் பார்த்து முன்பணம் அனுப்பாமல் நேரில் போய்த் தாயைப் பாருங்கள், முடிந்தால் தகப்பனையும் பாருங்கள். தாயைக் காட்டத் தயங்கும் இடத்தில் வாங்காதீர்கள்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பது 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி தவறு. அதே விதிகள் பெட்டையை 18 மாதத்துக்கு முன் இணை சேர்க்கக் கூடாது, ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது என்கின்றன. ஒவ்வொரு பருவத்துக்கும் சினையாக்கிச் சக்கையாகப் பிழிந்த பெட்டையைத் தெருவில் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை இனப் பாதுகாப்பு என்று அவர்கள் சொல்லிக்கொள்வதை ஏற்க முடியாது.

கலப்புக்குப் பயந்து அண்ணன் தங்கையையே சேர்ப்பது அதன் மறுபக்கம். ராஜபாளையம் என்ற நாட்டு நாயினத்தில் வெள்ளை நிறத்துக்காகவே தேர்ந்தெடுத்துச் சேர்த்ததில் காது கேளாத குட்டிகள் பிறப்பதை எல்லோரும் பார்க்கிறோம். எண்ணிக்கை குறைந்த இனத்தில் நெருங்கிய ரத்தம் சேரச் சேரக் குட்டிகள் சாவதும், பெட்டை சினை தங்காததும் கூடும். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள மையத்தில் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் இப்போது பதிவு பெற்ற இனங்கள். ஆனால் அந்தப் பதிவு உங்கள் நாயின் தாத்தா யார் என்று சொல்லாது. அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தாய், தகப்பன், பிறந்த தேதி, எந்த ஊரிலிருந்து வந்தது, எத்தனை குட்டி, எத்தனை பிழைத்தது, எந்தக் குட்டி யாரிடம் போனது என்று எழுதி, குட்டியோடு அதன் நகலையும் கொடுங்கள். இணை தேடும்போது பக்கத்து வீட்டுக் கடுவனையே பார்க்காமல், கழுகுமலைப் பக்கத்து நாய் வைத்திருப்பவர் சிவகாசிப் பக்கம் போய் இரண்டு நோட்டையும் அருகருகே வைத்து மூன்று தலைமுறைக்குப் பொதுப்பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்க்கலாம்.