கண்ணில் லென்ஸ் இல்லையா? எச்27.0 போடும் முன் சார்ட்டில் பார்க்க வேண்டியவை

கடலூர், புதுச்சேரி பக்கம் பி.எஸ்சி., பி.ஃபார்ம், நர்சிங் முடித்துவிட்டு மெடிக்கல் கோடிங், அதாவது நோய்களுக்குக் குறியீடு போடும் வேலை, பழகுகிறவர்கள் பலர், கண் சார்ட் (கண் நோயாளியின் மருத்துவப் பதிவு) வந்தாலே ஒதுங்கப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு நோயைக் கடைசிவரை பிடித்துப் பார்த்தால் அந்தப் பயம் போய்விடும். அஃபேக்கியா, அதாவது கண்ணில் லென்ஸே இல்லாத நிலை, அதற்கு ரொம்பப் பொருத்தம். குறியீட்டுப் புத்தகத்தின் இண்டெக்ஸில் தேடினால் எச்27.0 என்று உடனே வந்துவிடும். ஆனால் லென்ஸ் எப்படிப் போனது என்று தெரியாமல் அதைப் போடக் கூடாது.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க சார்ட்களுக்கான ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பின் விதிகள். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே இதுதான் நடைமுறை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10, எச்27.0 என்பதோடு நின்றுவிடும். எந்தக் கண் என்று கேட்காது. குறியீட்டின் எழுத்துகளை இங்கே தமிழில் தந்திருக்கிறேன். மென்பொருளில் ஆங்கில எழுத்தாகத் தட்டுங்கள்.

முதல் படி: லென்ஸ் உண்மையிலேயே இல்லையா?

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். புரை அறுவை சிகிச்சை என்று சார்ட்டில் பார்த்ததும் அஃபேக்கியா என்று முடிவு செய்துவிடுகிறார்கள். தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் புரை எடுத்துக்கொண்டு வரும் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். இயற்கை லென்ஸை எடுத்த கையோடு உள்ளேயே செயற்கை லென்ஸ் வைத்து அனுப்புகிறார்கள். அந்தக் கண்ணுக்குப் பெயர் சூடோஃபேக்கியா, குறியீடு இசட்96.1. முன்பெல்லாம் லென்ஸ் வைக்காமலே அனுப்புவார்கள்; அவர்களுக்கு பிளஸ் பத்து, பன்னிரண்டு பவரில் சோடாபுட்டி கண்ணாடிதான் கதி. 1992-இல் மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனம் தொடங்கிக் குறைந்த விலையில் லென்ஸ் தயாரித்ததும், நம் ஊர்களில் அந்தக் கண்ணாடி அரிதாகிப் போனதற்கு ஒரு முக்கியக் காரணம்.

சார்ட்டில் ஸ்லிட் லேம்ப் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) பரிசோதனை அட்டவணையில் 'லென்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'பிசிஐஓஎல்' என்றிருந்தால் செயற்கை லென்ஸ் உள்ளது. 'அஃபேக்கிக்' என்றிருந்தால் இல்லை. ஆனால் அந்த வரியை மட்டும் வைத்து நாமாக நோய்க்குப் பெயர் சூட்டக் கூடாது. மருத்துவர் தன் அசெஸ்மென்ட்டிலும் (நோய் இன்னதென்று முடிவு எழுதும் பகுதி) அதை எழுதியிருக்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் மருத்துவரிடம் விளக்கம் கேட்டு க்வெரி அனுப்புங்கள்.

இரண்டாம் படி: ஏன் இல்லை?

பிறவியிலேயே இல்லையென்றால் குறியீடு க்யூ12.3. எச்27.0 பக்கமே போகக் கூடாது. அடிபட்டுப் போயிருந்தாலும், அறுவையில் எடுத்துவிட்டு லென்ஸ் வைக்காமல் விட்டிருந்தாலும் எச்27.0 வரிசைதான். லென்ஸ் உள்ளேயே இடம் மாறிக் கிடந்தால் அது அஃபேக்கியா அல்ல, எச்27.1 வரிசை. இடம் மாறியது செயற்கை லென்ஸ் என்றால் டி85.22 (ஆங்கிலத்தில் T), சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது டி85.22எக்ஸ்ஏ.

பழைய காயத்தால் வந்தது என்றால் இன்னொரு குறியீடும் சேரும். உதாரணமாக, பட்டாசு வெடித்து இடது கண் கிழிந்து, லென்ஸ் வெளியேறி, ஆறு மாதம் கழித்து ஒருவர் வருகிறார். இப்போதுள்ள பிரச்சினை முதலில்: எச்27.02. அதற்குக் காரணமான காயம் அடுத்து: எஸ்05.22எக்ஸ்எஸ். கடைசி 'எஸ்', இது பழைய காயத்தின் பின்விளைவு என்று சொல்கிறது.

மூன்றாம் படி: எந்தக் கண்?

சார்ட்டில் ஓடி என்றால் வலது, எச்27.01. ஓஎஸ் இடது, எச்27.02. ஓயு இரண்டும், எச்27.03. எச்27.00 எந்தக் கண் என்றே தெரியாதபோது போடுவது. கண் சார்ட்டில் அதற்கு அநேகமாக வேலையே இருக்காது.

நான்காம் படி: பார்வைக் குறைபாடுகள்

'மங்கலாகத் தெரிகிறது' என்று நோயாளி சொன்னதற்கு எச்53.8 தனியாகச் சேர்க்காதீர்கள். லென்ஸ் இல்லாத கண்ணுக்கு மங்கல் இயல்பான அறிகுறி. இரு கண் பவரும் வெகுவாக வேறுபடுகிறது என்று மருத்துவரே அனைசோமெட்ரோபியா என எழுதியிருந்தால் எச்52.31 போடலாம். குழந்தைகளின் சார்ட்டில் டெப்ரிவேஷன் ஆம்ப்லியோபியா (தெளிவான காட்சி கிடைக்காததால் பார்வை வளராமல் போன 'சோம்பேறிக் கண்') இருக்கிறதா என்று கவனித்துத் தேடுங்கள். வலது கண் எச்53.011, இடது எச்53.012. அந்தக் குழந்தைக்கு மாதக்கணக்கில் நடக்கப்போகும் சிகிச்சைக்கு ஆதாரமே அந்த வரிதான், அதை விட்டுவிடக் கூடாது. பார்வையிழப்புக்கான எச்54 வரும்போது காரண நோய் முதலில், எச்54 அதன் பின்னால்.

சேர்ந்து வரக்கூடாதவை

எச்27.0-க்குக் கீழே எக்ஸ்க்ளூட்ஸ்1, அதாவது 'இவற்றோடு சேர்த்துப் போடாதே', என்று ஒரு குறிப்பு இருக்கும். புரை எடுத்த நிலையைச் சொல்லும் இசட்98.4 அதில் உண்டு. எச்27-இன் தலைப்பிலேயே இசட்96.1-உம் இருக்கிறது. ஒரே கண்ணுக்கு எச்27.0-உடன் இவற்றைச் சேர்த்துப் போட முடியாது.

ஒரு சிக்கலான சார்ட்டைப் பாருங்கள். வலது கண் அஃபேக்கியா. இடது கண்ணில் புரை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்தாயிற்று. வலதுக்கு எச்27.01, இடதுக்கு இசட்98.42, கூடவே இசட்96.1. இசட்96.1-இல் வலது இடது பிரிவே கிடையாது என்பதால் மென்பொருள் சிவப்புக் கொடி காட்டலாம். இரண்டு நிலைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால் எக்ஸ்க்ளூட்ஸ்1-க்கு விலக்கு உண்டு என்று அதிகாரபூர்வ வழிகாட்டியே சொல்கிறது. இங்கே கண்ணே வேறு. பயந்துபோய் ஒன்றை நீக்காமல், வழிகாட்டியின் அந்தப் பகுதியைக் குறிப்பிட்டு டீம் லீடருக்கு அனுப்புங்கள். கிளையண்ட்டுக்குத் தனி விதி இருந்தால் அவர் சொல்லிவிடுவார்.