தீபாவளி ஆஃபர் மெயில் ஸ்பேமில் விழாமல் இருக்க: புதியவர்களுக்கான செய்முறை

ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்று சென்னையில் பாதி வியாபாரம் சீசனை நம்பித்தான் ஓடுகிறது. அந்த நேரத்தில் மெயில் ஸ்பேமில் விழுந்துவிட்டால், சரிசெய்து மறுபடி அனுப்புவதற்குள் சீசனே முடிந்துவிடும். அதனால் கீழே உள்ள வேலைகளை இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜிமெயில், யாஹூ போன்றவை உங்கள் டொமைனையும் (மெயில் ஐடியில் 'அட்' குறிக்குப் பின்னால் வரும் பெயர்), மெயில் கிளம்பும் சர்வரின் எண்ணான ஐபி முகவரியையும் பற்றி ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. இதற்கு முன் உங்கள் மெயிலைப் பெற்றவர்கள் அதைப் படித்தார்களா, பதில் போட்டார்களா, ஸ்பேம் பட்டனை அழுத்தினார்களா என்பதிலிருந்து வரும் கணக்கு அது. மொத்தமாக மெயில் அனுப்பும் சேவையை மாற்றி, ஜோஹோ கேம்பைன்ஸிலிருந்து மெயில்சிம்ப்புக்குப் போனாலும் டொமைன் சம்பாதித்த நல்ல பெயரோ கெட்ட பெயரோ உங்கள் கூடவே வரும்.

1. சொந்த டொமைனிலிருந்து அனுப்புங்கள்

கடையின் ஜிமெயில் ஐடியை 'அனுப்புநர்' இடத்தில் போட்டு, வேறொரு சேவை வழியாக ஆயிரக்கணக்கில் அனுப்ப வேண்டாம். ஜிமெயில் பெயரில் வந்த மெயில் ஜிமெயிலிலிருந்து கிளம்பவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். ஆஃபர் மெயிலுக்குத் தனி சப்டொமைன் (டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த துணைப்பெயர்), பில்லுக்கும் ஓடிபிக்கும் வேறு சப்டொமைன் என்று பிரித்துவிடுவது நல்லது. ஆஃபர் மெயிலால் வரும் பாதிப்பு பில் மெயிலை அவ்வளவாகத் தொடாது.

2. டிஎன்எஸ்ஸில் மூன்று பதிவுகள்

டிஎன்எஸ் என்பது உங்கள் டொமைன் பற்றிய விவரங்களை மற்ற சர்வர்கள் பார்க்கும் பொதுப் பதிவேடு. அதில் போட வேண்டிய மூன்று பதிவுகள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். எஸ்பிஎஃப் என்பது, அப்பார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவைக்கும் பெயர்ப் பட்டியல் மாதிரி: உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று அது சொல்லும். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்க வேண்டும். புதிய சேவையைச் சேர்க்கும்போது இரண்டாவது பதிவு போட்டால் இரண்டுமே செல்லாமல் போகும்; பழையதிலேயே சேருங்கள். அதைச் சரிபார்க்க, மெயிலைப் பெறும் சர்வர் செய்ய வேண்டிய டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டவும் கூடாது.

டிகிம் ஒவ்வொரு மெயிலிலும் ஒரு டிஜிட்டல் கையொப்பம் இடுகிறது. அதற்கான சாவியை உங்கள் மெயில் சேவையே தரும்; 2048 பிட் சாவி கிடைத்தால் அதையே எடுங்கள். இந்த இரண்டு சோதனைகளிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். ஆரம்பத்தில் 'நன்' (எதுவும் செய்யாதே) என்ற கொள்கையில் வைத்து, வரும் அறிக்கைகளைப் பாருங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அப்புறம் 'குவாரன்டைன்' (ஸ்பேமில் ஒதுக்கு), கடைசியில் 'ரிஜெக்ட்' (ஏற்காதே) என்று ஏற்றலாம்.

சரி, வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' போங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். டிகிம் பக்கத்தில் எந்த டொமைன் பெயர் வருகிறது என்பதையும் பாருங்கள். அங்கே மெயில் சேவையின் டொமைன் இருந்தால் கையொப்பம் அவர்களுடையது, உங்களுடையது அல்ல. அந்த டொமைன் அனுப்புநர் டொமைனோடு பொருந்துகிறதா என்றும் டிமார்க் பார்க்கும்; டிகிம் பாஸ் ஆகியும் டிமார்க் தோற்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

3. மெயில் ஐடி பட்டியல்

என்னைக் கேட்டால், டிஎன்எஸ்ஸைவிட இதுதான் முக்கியம். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் பில் கவுண்டரை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வரிசை நீள்கிறது. மெயில் ஐடி கட்டத்தை நிரப்பாமல் பில் போட முடியாது. கவுண்டரில் இருப்பவர் 'ஏபிசி அட் ஜிமெயில்' என்று தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அவர்மேல் தப்பில்லை, கட்டத்தைக் கட்டாயமாக்கியதுதான் தப்பு. வாடிக்கையாளர் சரியாகச் சொன்னாலும் அவசரத்தில் 'ஜிமெயில்' என்பது 'ஜிமியல்' ஆகிவிடும். இப்படி எழுத்து மாறிய டொமைன்களில் சிலவற்றை ஸ்பேம் தடுப்பு அமைப்புகள் பொறியாகவே வைத்திருக்கின்றன. அங்கே மெயில் போனால் உங்கள் பட்டியல் குப்பை என்று அர்த்தம்.

கட்டாயத்தை எடுத்துவிடுங்கள். கவுண்டரில் கியூஆர் கோடு வைத்து, விரும்புகிறவர்களையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். உடனே ஓர் உறுதிப்படுத்தும் மெயில் அனுப்பி, அதிலுள்ள இணைப்பை அழுத்தியவர்களை மட்டும் பட்டியலில் சேருங்கள். எண்ணிக்கை குறையும், குறையட்டும். நந்தம்பாக்கம் வர்த்தக மையக் கண்காட்சியில் கண்ணாடிக் கிண்ணத்தில் விழுந்த விசிட்டிங் கார்டுகள் குலுக்கல் பரிசுக்காகப் போடப்பட்டவை. அவற்றை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விலைக்கு வரும் பட்டியலை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

4. மெதுவாக ஏற்றுங்கள்

புதிய டொமைனிலிருந்து முதல் நாளே இருபதாயிரம் மெயில் கிளம்பினால் சந்தேகம்தான் வரும். சமீபத்தில் வாங்கியவர்கள், பதில் போட்டவர்கள் என்று சில நூறு பேரிடம் தொடங்கி, புகார் வராதவரை சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

5. விலகும் வழி கண்ணில் படட்டும்

விலகும் இணைப்பைச் சின்ன எழுத்தில் ஒளித்துவைத்தால், வெறுத்துப்போனவர் ஸ்பேம் பட்டனை அழுத்துவார். உங்களுக்கு அதுதான் பெரிய நஷ்டம். 2024-இலிருந்து, ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மேலே சொன்ன மூன்று பதிவுகளும், விளம்பர மெயில்களில் ஒரே அழுத்தலில் விலகும் வசதியும் கட்டாயம். கேட்டவரை இரண்டு நாளுக்குள் நீக்கிவிட வேண்டும்.

6. வாராவாரம் பாருங்கள்

ஜிமெயிலுக்குப் போகும் உங்கள் மெயில்களின் நிலவரத்தைக் காட்டும் கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் டொமைனைப் பதிந்து, ஸ்பேம் புகார் விகிதத்தைக் கவனியுங்கள். 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3-ஐ எட்டவே கூடாது. அதாவது, இன்பாக்ஸில் சேர்ந்த ஆயிரம் மெயிலுக்கு மூன்று பேர் புகார் செய்தாலே ஆபத்து.

திரும்பி வரும் மெயில்களில் 5-இல் தொடங்கும் குறியீடு நிரந்தரத் தோல்வி. 'அப்படி ஒரு முகவரி இல்லை' என்று வந்தால் அன்றே நீக்குங்கள். 4-இல் தொடங்குவது தற்காலிகம், மறுபடி முயலலாம். திறந்தவர்கள் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். 2021-இல் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமை வசதியால், படிக்காத மெயிலும் திறந்ததாகக் கணக்கில் ஏறலாம். கிளிக்கும் வாங்குதலும்தான் நிஜம்.

ஸ்பேம் புகார் விகிதம் ஏற்கெனவே ஏறிவிட்டதா? மொத்தப் பட்டியலுக்கு அனுப்புவதை நிறுத்துங்கள். கடந்த இரண்டு மூன்று மாதங்களில் கிளிக் செய்தவர்களுக்கு மட்டும் சில வாரம் அனுப்பி, எண் இறங்கிய பிறகு மற்றவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஒரு வருடமாக எதையும் தொடாதவர்களை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.