பழைய சார்புப் பதிப்புகளுக்கான ஆதரவை நிறுத்துவது எப்படி

ஒரு திறமூல நிரலகம் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரி) தான் சார்ந்திருக்கும் தொகுப்புகளின் பழைய பதிப்புகளை எப்போது கைவிடும் என்பதை, ஒவ்வொரு முறையும் விவாதித்து முடிவெடுப்பதைவிட, முன்கூட்டியே விதியாக எழுதி வைப்பது நல்லது. பைத்தான் நிரல்மொழியில் எழுதப்படும் அறிவியல் திட்டங்களுக்கான ஸ்பெக் 0 (SPEC 0) என்ற பொதுப் பரிந்துரை, பைத்தான் பதிப்புகளுக்கு அவை வெளியானதிலிருந்து 3 ஆண்டுகளையும், அடிப்படைத் தொகுப்புகளுக்கு 2 ஆண்டுகளையும் வரம்பாக வைக்கிறது. சிறிய திட்டங்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, குறைந்தது ஒரு வெளியீட்டுக்கு முன்னதாகவே மாற்றக் குறிப்பிலும் நிரலிலும் எச்சரிக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு வசதி கைவிடப்படப்போவதை அறிவிக்கும் பைத்தானின் டெப்ரிகேஷன்வார்னிங் (DeprecationWarning) என்ற எச்சரிக்கை வகை, இயல்பிருப்பில், நேரடியாக இயக்கப்படும் முதன்மை நிரலில் எழுந்தால் மட்டுமே திரைக்கு வரும். நிரலகத்தின் உள்ளே எழுவது ஓசையின்றி மறைந்துவிடும். ஆகவே, இறுதிப் பயனர் பார்த்தே ஆக வேண்டிய செய்திக்கு ஃபியூச்சர்வார்னிங் (FutureWarning) என்ற எச்சரிக்கை வகையே பொருத்தமானது. ஜாங்கோ என்ற வலைச் சட்டகத்தைச் சார்ந்த நிரலகமானால், "ஜாங்கோ 4.1-க்கான ஆதரவு அடுத்த வெளியீட்டில் நீக்கப்படும், 4.2-க்கு மாறவும்" என்பதுபோல், பதிப்பு எண்ணும் மாற்று வழியும் அதில் இருக்கட்டும்.

நீக்கும்போது, தொகுப்பின் மேனிலைத் தரவில் (அதன் பெயர், பதிப்பு, தேவைகளைக் குறிக்கும் பகுதியில்) குறைந்தபட்சப் பதிப்பை உயர்த்திவிட்டு, பழைய பதிப்புக்கென எழுதிய தனி நிரல் பகுதிகளையும் தானியங்கிச் சோதனைப் பட்டியலில் உள்ள வரிகளையும் சேர்த்தே அகற்றுங்கள். மேனிலைத் தரவில் தேவையான பைத்தான் பதிப்பைக் குறிக்கும் ரிக்வயர்ஸ்-பைத்தான் (Requires-Python) மதிப்பைச் சரியாக உயர்த்தியிருந்தால், பழைய பைத்தானில் இருப்பவருக்கு, தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் (pip) 9-உம் அதற்குப் பிந்தையவையும் பொருந்தக்கூடிய முந்தைய வெளியீட்டையே நிறுவித் தரும். உயர்த்த மறந்து வெளியிட்டுவிட்டால், அந்த வெளியீட்டை, பைத்தான் தொகுப்புகள் வெளியிடப்படும் பைபிஐ (PyPI) தளத்தில் 'யாங்க்' செய்துவிட்டு (அதாவது, பிப் இயல்பாகத் தேர்ந்தெடுக்காதபடி குறியிட்டுவிட்டு), திருத்தியதை உடனே வெளியிடுங்கள்.