தாத்தா பெட்டியில் இருப்பது காயச் சின்னம்தானா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரச் சந்தையில் வாங்கியதோ, வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்ததோ, பழைய ராணுவச் சட்டை கைக்கு வந்தால் முதலில் இடது முன்கையைப் பாருங்கள். போரில் காயம்பட்டவருக்குப் பிரிட்டிஷ் படை கொடுத்த காயப்பட்டை அங்கேதான் இருக்கும். 1916 ஜூலையில் வந்த ஆணைப்படி அது 2 அங்குலத் தங்கச் சரிகைப் பின்னல், நெட்டுக்குத்தாகத் தைத்திருப்பார்கள். சிப்பாய்க்குச் சட்டைக் கையின் ஓரத்திலிருந்து 3 அங்குலம் மேலே தொடங்கும். அடுத்தடுத்த பட்டைகளுக்கு நடுவே அரை அங்குலம். ஒரே குண்டுவீச்சில் நாலு இடத்தில் அடிபட்டாலும் பட்டை ஒன்றுதான்.

பட்டை உதிர்ந்து போயிருந்தால் வெயில் படாத துணியின் நிறமும் தையல் துளைகளும் காட்டிக்கொடுக்கும். இரண்டே துளை என்றால் முள் வைத்த பித்தளைப் பட்டை இருந்திருக்கலாம். வலது முன்கையில் கவிழ்ந்த 'வி' வடிவம் கண்டால் அது வெளிநாட்டுச் சேவைக் குறி. பலர் ஏமாறுவது இங்கேதான். 1944-இல் பட்டை திரும்ப வந்தபோது நீளம் ஒன்றரை அங்குலம். முந்தைய போரில், அதாவது முதல் உலகப் போரில், பட்ட காயத்துக்குச் சிவப்பு.

வட்டமான வெள்ளிச் சின்னம் வேறு கதை. 1916 செப்டம்பரில் தொடங்கிய அது, காயத்தாலோ நோயாலோ படையிலிருந்து விலக்கப்பட்டவர் சாதாரண உடையில் வலது மார்பில் குத்திக்கொள்வது. ஆகவே அதை மட்டும் வைத்துத் தாத்தா குண்டடி பட்டார் என்று சொல்லிவிடாதீர்கள். பின்புறத்து எண் படை எண் அல்ல, சின்னத்தின் எண். லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 329 வரிசைப் பதிவேடுகளில் அந்த எண்ணைத் தேடலாம். காந்தம் ஒட்டாததால் வெள்ளி என்று முடிவு கட்டவும் கூடாது, பித்தளையும் ஒட்டாது.

பிரிட்டனும் தென்னாப்பிரிக்க டச்சு வம்சத்தவரான போயர்களும் மோதிய போயர் போரில் (1899–1902) பட்ட காயத்துக்கு 1920 டிசம்பர் 21-இல் ஏற்படுத்தியது ரிப்பனும் சான்றிதழும்தான். பதக்கம் தொங்கினால் சந்தேகப்படுங்கள். அதுவும் போயர் குடியரசுகளின் பக்கம் போரிட்டவர்களுக்கே. நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஸ்ட்ரெச்சர் சுமந்த நம்மவர்கள் பிரிட்டிஷ் பக்கம். அவர்களுக்கு இது கிடையாது.

குத்துவிளக்குக்குப் போடும் புளியும் வெள்ளிக்குப் போடும் விபூதியும் இந்தச் சின்னங்களுக்கு வேண்டாம். தேய்க்கத் தேய்க்க எழுத்தும் எண்ணும் மழுங்கும், விலையும் இறங்கும். ரப்பர் பேண்ட் போட்டால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பிவிசி பிளாஸ்டிக் உறையும் ஆகாது. அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள். டர்பன் ஈரக்காற்றில் ஜெல் சீக்கிரம் நனைந்துவிடும், அவ்வப்போது மாற்றுங்கள். கம்பளிச் சட்டையை மடிக்கும்போது சரிகை மேல் மடிப்பு விழக் கூடாது. விழுந்தால் இழை அறும்.